ஆகா ஷாஹித் அலியைத் தமிழில் கொண்டுவருவது எப்படி? கஜலில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், உதவுங்கள்

மழைக்காகிதம்:
வணக்கம் நண்பர்களே. எட்டு மாதமாக ஆகா ஷாஹித் அலியின் கவிதைகளைத் தமிழில் பெயர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே இடத்தில் வண்டி நின்றுவிட்டது, அதனால்தான் இந்த இழை. அவரைத் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1949-ல் டெல்லியில் பிறந்து ஸ்ரீநகரில் வளர்ந்தவர். அப்பா ஆகா அஷ்ரஃப் அலி காஷ்மீரில் பெயர்பெற்ற கல்வியாளர். அம்மா சூஃபியா, லக்னோ பக்கம் ருதௌலி ஊர்க்காரர். வீட்டில் உருதுவும் ஆங்கிலமும் புழங்க, பாரசீகக் கவிதை காதில் விழுந்துகொண்டே இருக்க வளர்ந்த பிள்ளை. காஷ்மீர்ப் பல்கலைக்கழகம், டெல்லி இந்து கல்லூரி, பிறகு அமெரிக்கா. அங்கே கவிஞர் டி.எஸ். எலியட்டைப் பற்றி ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கி, கடைசிவரை பல்கலைக்கழகங்களில் கவிதை சொல்லிக்கொடுத்தார். 2001 டிசம்பர் 8-ல் மூளைக் கட்டியால் இறந்தபோது வயது 52.

எழுதியது ஆங்கிலத்தில். ஆனால் அந்த ஆங்கிலத்தின் அடியில் உருது ஓடுகிறது என்பது நாலு பக்கம் வாசித்தாலே தெரிந்துவிடும். உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமத் ஃபைஸின் கவிதைகளை மொழிபெயர்த்து 1991-ல் தனி நூலாகக் கொண்டுவந்தார். கஜல் என்பது ஈரடி ஈரடியாக வரும் உருதுக் கவிதை வடிவம்; அந்தப் பெயரில் அமெரிக்கக் கவிஞர்கள் இரண்டிரண்டு வரியாக எதையோ எழுதி அடுக்கிக்கொண்டிருந்ததைப் பொறுக்க முடியாமல், இலக்கணம் பிசகாத ஆங்கில கஜல்களைப் பலரிடமும் கேட்டு வாங்கி 2000-ல் ஒரு தொகுப்பே போட்டார்.

சரி, என் சிக்கலுக்கு வருகிறேன். கஜலில் முதல் ஈரடியின் இரண்டு வரியும் ஒரே சொல்லில் முடிய வேண்டும், அதுதான் ரதீஃப். அதற்கு முன்னால் ஒலி ஒத்துவரும் சொல் காஃபியா. அடுத்து வரும் ஈரடிகளில் இரண்டாம் வரியில் மட்டும் அது திரும்ப வரும், கேட்பவர் அதற்காகக் காத்திருப்பார். கடைசி ஈரடியில் கவிஞர் தன் பெயரைச் சொல்லிவிட வேண்டும். ஷாஹிதின் புகழ்பெற்ற இரண்டு கஜல்களில் ஒன்றுக்கு 'இன்றிரவு' ரதீஃப், இன்னொன்றுக்கு 'அரபியில்'. ஆங்கிலத்தில் இந்த மாதிரிச் சொல் வரியின் கடைசியில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். தமிழில் அந்த இடம் வினைச்சொல்லுக்கு உரியது. 'இன்றிரவு வந்தான்' என்றுதான் வருகிறது, 'வந்தான் இன்றிரவு' என்று எழுதினால் ஒவ்வொரு வரியும் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கிறது. பதினோரு வரைவு கிழித்தாயிற்று. யாராவது வழி சொல்லுங்கள்.

பிளஸ்ஒன் டீச்சர்:
அட, ஷாஹிதா! பல வருடம் நான் வகுப்பில் சந்தித்த மனிதர். சிபிஎஸ்இ பதினோராம் வகுப்புத் துணைப்பாட நூலில் எழுத்தாளர் அமிதவ் கோஷ் அவரைப் பற்றி எழுதிய கட்டுரை முன்பு இருந்தது. இறப்பதற்குச் சில மாதம் முன்பு ஷாஹிதே தொலைபேசியில், நான் போன பிறகு நீ என்னைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்ட கட்டுரை அது. சாகப்போகிறவர் அதை இயல்பாகக் கேட்கிறார், கேட்கப்பட்டவர்தான் பேச்சு வராமல் திணறுகிறார். அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

ஆனால் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது வேறு இரண்டு இடங்கள். ஒன்று பார்சிலோனா விமான நிலையம். பாதுகாப்பு ஊழியர் ஒருவர், பயணிகளுக்கு ஆபத்தான பொருள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறார், இவர் நெஞ்சில் கையை வைத்து, என் இதயம் மட்டும்தான் என்கிறார். இன்னொன்று அவர் சின்னப் பையனாக இருந்தபோது நடந்தது. என் அறையில் ஒரு இந்துக் கோயில் கட்ட வேண்டும் என்று அம்மாவிடம் போய்ச் சொல்கிறான் பையன். முஸ்லிம் வீடு. சொல்லத் தயங்கியவன் அவன்தான், அம்மாவோ உற்சாகமாகக் கோயிலுக்கு வேண்டிய சிலை முதலான பொருட்களைத் தானே வாங்கி வந்து கொடுக்கிறார். ஒரு வருடம் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், அந்த அம்மா பேர் என்ன?" என்று கேட்டாள். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் நான் அந்தப் பெயரைத் தேடியதில்லை. அன்று ராத்திரிதான் தேடினேன். உங்கள் பதிவில் சூஃபியா என்று பார்த்ததும் அவள் ஞாபகம் வந்துவிட்டது.

கஜல் இலக்கணத்தில் எனக்கு அவ்வளவு பிடி கிடையாது. மற்றவர்கள் சொல்லட்டும்.

கரிசல்மண்:
மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஷாஹித் நல்ல கவிஞர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காஷ்மீர்க் கவிதை என்று பேச்சு வந்தாலே இவர் ஒருவர் பெயர்தான் வருகிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காஷ்மீரி என்று ஒரு மொழி இருக்கிறது ஐயா. 14-ஆம் நூற்றாண்டில் லல் தேத் பாடிய 'வாக்கு' என்னும் சிறு பாடல்கள் இன்றைக்கும் மக்கள் வாயில் இருக்கின்றன. ஹப்பா கத்தூன் இருக்கிறார், மஹ்ஜூர் இருக்கிறார், தீனாநாத் நாதிம் இருக்கிறார். 2023 ஜனவரியில் இறந்துபோன ரஹ்மான் ராஹி அந்த மொழிக்கு முதல் ஞானபீடம் வாங்கிக் கொடுத்தவர், மார்லோவின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நாடகத்தைக் காஷ்மீரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். அவரைத் தமிழில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? ஆங்கிலத்தில் எழுதியவர்தான் ஒரு மண்ணுக்குப் பிரதிநிதி என்றால், அந்த மண்ணின் மொழியில் எழுதியவர்கள் எங்கே போவார்கள்? நம் மொழிக்கு இப்படி ஒருவர் செய்தால் சும்மா இருப்போமா?

மழைக்காகிதம்:
கோபமே இல்லை அண்ணா, நியாயமான கேள்வி. ராஹியைத் தமிழில் கொண்டுவர வேண்டும், அதைக் காஷ்மீரி தெரிந்த ஒருவர் செய்ய வேண்டும், எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் ஷாஹித் எந்த இடத்திலும் நான்தான் காஷ்மீர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தூரத்தில் இருப்பவன் என்பதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார். ஊரிலிருந்து ஒரு பட அஞ்சலட்டை வருகிறது, நாலுக்கு ஆறு அங்குலம், மொத்தக் காஷ்மீரும் அதற்குள் சுருங்கித் தபால்பெட்டியில் கிடக்கிறது. எதையும் சுத்தமாக வைத்துக்கொள்வதில் எனக்கு ஆசை, இதோ இமயமலையே அரை அங்குலமாகக் கையில் இருக்கிறது என்கிறார். அடுத்த மூச்சிலேயே, நான் திரும்பிப் போகும்போது நிறங்கள் இவ்வளவு பளிச்சென்று இருக்காது, ஜீலம் நதி இவ்வளவு தெளிவாக இருக்காது, என் அன்பும் இப்படி மிகையாக இருக்காது என்று தன் நினைவையே சந்தேகப்படுகிறார். இந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது.

ஓய்வுபெற்ற ஆர்எம்எஸ்:
நான் இலக்கியம் படித்தவன் இல்லை. 34 வருடம் ரயில்வே தபால் பிரிப்பில் வேலை பார்த்தவன். பெண் வாங்கிக் கொடுத்த ஒரு புத்தகத்தின் வழியாகத்தான் இந்தக் கவிஞர் எனக்கு அறிமுகம். 'தி கன்ட்ரி வித்தவுட் எ போஸ்ட் ஆபீஸ்', 1997-ல் வந்தது. தலைப்பைப் பார்த்துத்தான் வாங்கிவந்தாள், அப்பாவுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று.

1990-ல் காஷ்மீரில் கலவரமும் ஊரடங்குமாக இருந்தபோது ஏழு மாதம் தபால் பட்டுவாடாவே இல்லை. அதை வைத்து எழுதிய கவிதை. ஏழு மாதம் என்று படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவீர்கள். நான் ஒரு வேலைநிறுத்தத்தின்போது பத்துப் பன்னிரண்டு நாள் தபால் தேங்கியதைப் பார்த்திருக்கிறேன். பைகள் பிளாட்பாரத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. மறுபடி வேலை தொடங்கி முதல் பையை அவிழ்த்துக் கொட்டியபோது மேலே வந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை, நாள் தாண்டிவிட்டது. அதைத் தூக்கிப் போடவும் முடியாது, கொண்டுபோய்க் கொடுக்கவும் கை வராது. பத்து நாளுக்கே அந்த நிலைமை.

கவிதையில் ஒரு ஆள் புதைந்துபோன மினாரில் ராத்திரி ராத்திரி ஏறுகிறான், மண்விளக்குத் திரியைக் கடுகெண்ணெயில் நனைக்கிறான். போய்ச்சேர வழியில்லாத முகவரிகள் எழுதிய கடிதங்கள் அங்கே கிடக்கின்றன, அந்த வீடுகளோ இடிந்துவிட்டன, இல்லாவிட்டால் ஆளில்லை. முத்திரை விழாத தபால்தலையை அவன் கைரேகை கேன்சல் செய்கிறதாம். எங்கள் தொழிலில் தலையைக் கேன்சல் செய்வது என்றால் தேதி முத்திரை குத்துவது. அது விழுந்தால்தான் கடிதம் பயணத்தைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முத்திரை இல்லாத ஊரில் ஒருவன் தன் விரலையே முத்திரையாக வைக்கிறான். இதைத் தபால்காரன் அல்லாத ஒருவர் எப்படி யோசித்தார் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். தம்பி, இந்தக் கவிதையை மொழிபெயர்த்தால் 'ரத்து' என்று போட்டுவிடாதீர்கள், நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. 'முத்திரை குத்துவது' என்றே போடுங்கள்.

மழைக்காகிதம்:
ஐயா, என் வரைவில் 'ரத்து செய்கிறது' என்றுதான் இருக்கிறது. இப்போதே மாற்றுகிறேன்.

வாணியம்பாடி உருது:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் வீட்டில் உருது, தெருவில் தமிழ். சின்ன வயசிலிருந்து எங்கள் ஊர் முஷாயிராக்களில், அதாவது உருதுக் கவியரங்குகளில், முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து கேட்டவன் என்பதால் கஜல் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மழைக்காகிதம், உங்கள் சிக்கலைத் தலைகீழாகப் பாருங்கள். உருதுவிலும் வினை கடைசியில்தான் வரும், தமிழ் மாதிரியே. அதனால் உருது ரதீஃப்களில் பெரும்பாதி 'ஹை' (இருக்கிறது), 'நஹீ' (இல்லை) போன்ற சொற்கள்தான். வாக்கியம் இயல்பாக எங்கே போய் முடியுமோ அங்கேயே ரதீஃப் இருக்கும். ஆங்கிலத்தில் அது நடக்காது, அதனால் ஷாஹித் 'இன்றிரவு', 'அரபியில்' மாதிரியான சொற்களைத் தேடிப் பிடித்தார். அவர் அவ்வளவு சிரமப்பட்டு உண்டாக்கியது நமக்குச் சும்மாவே கிடைக்கிறது. தமிழில் 'இல்லை' ஒன்று போதுமே, அதைவிட நல்ல ரதீஃப் வேறு எந்த மொழியில் இருக்கிறது? உட்கார்ந்த இடத்தில் எழுதிப் பார்த்தேன்:

பனி பெய்த முற்றத்தில் ஒரு காலடி இல்லை
படுத்தழ எனக்கென்று ஒரு தாய்மடி இல்லை

எழுதிய கடிதமெல்லாம் மூட்டையில் கிடக்க
எடுத்துப்போய் வைக்க ஒரு வீட்டுப்படி இல்லை

காலடி, தாய்மடி, வீட்டுப்படி காஃபியா, 'இல்லை' ரதீஃப். எந்த வரியையும் முறுக்க வேண்டியிருக்கவில்லை பாருங்கள்.

கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழில் கஜலைக் கொண்டுவந்து 'மின்மினிகளால் ஒரு கடிதம்' எழுதினார். அதன் ஈரமும் தவிப்பும் எனக்கு உயிர். நீங்கள் கேட்பது அதற்கு அடுத்த படி, காஃபியா ரதீஃப் கட்டோடு அப்படியே கொண்டுவருவது. அதற்கு நம் மொழி தோதான மொழி என்பதுதான் என் கட்சி.

மழைக்காகிதம்:
பாய், இதைப் படித்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். ஆனால் நான் சொந்தமாக எழுதவில்லையே, மொழிபெயர்க்கிறேனே. 'இன்றிரவு' என்பதைத் தூக்கிவிட்டு 'இல்லை' போட முடியாது. அவருடைய அந்த கஜல் முழுக்க ஒரே இரவில் நடக்கிறது.

வாணியம்பாடி உருது:
சரி, அப்படியானால் பேச்சுத் தமிழைக் கேளுங்கள். "வரமாட்டான் இன்னைக்கு", "எங்கே போனே நேத்து" என்று நாம் தினமும் சொல்கிறோம், வினைக்குப் பிறகு காலம் வருகிறது. கேள்வியாக வைத்தால் இன்னும் இயல்பு. அந்த கஜலின் முதல் ஈரடியே கேள்விதானே?

ஃபைஸ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'முஜ் ஸே பெஹ்லி ஸி மொஹப்பத் மேரே மெஹ்பூப் ந மாங்' உங்களில் பலருக்குப் பாடகி நூர் ஜஹான் குரலில் தெரிந்திருக்கும். முன்பு தந்த அந்தக் காதலை என்னிடம் மறுபடி கேட்காதே என்கிறான். காரணம், உலகத்தில் வேறு துயரங்களும் இருக்கின்றன, சந்தையில் விற்கப்படும் உடல்களைப் பார்த்தாயிற்று, கண் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, என்ன செய்வது என்கிறான். இதில் மெஹ்பூப், அதாவது அன்புக்குரியவர், ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது. உருதுக் கவிதையில் அது காதலியாகவும் இருக்கலாம், நண்பனாகவும் இருக்கலாம், இறைவனாகவும் இருக்கலாம். ஃபைஸ் அதில் புரட்சியையும் சேர்த்துவிட்டார் என்று ஷாஹித் ஒரு கட்டுரையில் அழகாக விளக்குகிறார். தமிழில் யாராவது மொழிபெயர்த்தால் தயவுசெய்து 'காதலியே' என்று போட்டுக் கதவைச் சாத்திவிடாதீர்கள். 'அன்பே' இருக்கிறது, போதும்.

ஃபைஸ் பெய்ரூட்டில் இருந்த காலத்தில் ஷாஹித் அவருக்குக் கடிதம் போட்டு மொழிபெயர்க்க அனுமதி கேட்டார். கூடவே ஒரு ஆசையும் காட்டினார்: உங்கள் கஜல்களைப் பாடகி பேகம் அக்தர் பாடிய அபூர்வ ஒலிநாடாக்கள் என்னிடம் இருக்கின்றன, அனுப்புகிறேன். அனுமதி வந்துவிட்டது! பேகம் அக்தர் மேல் ஷாஹிதுக்கு அப்படி ஒரு பற்று, 1979-ல் வந்த அவருடைய இரண்டாவது தொகுப்பின் தலைப்பே அந்த அம்மாவின் நினைவுக்குத்தான்.

வடக்குவாசல்:
மொழிபெயர்ப்பு பேசுகிறீர்கள், நல்லது. ஆனால் இவருடைய அரசியலை யாருமே தொடவில்லையே. 2016-ல் டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகத்தில் நாடே பேசிய அந்த நிகழ்ச்சிக்கு இவர் புத்தகத்தின் தலைப்பைத்தான் வைத்தார்கள். காஷ்மீரில் துயரப்பட்டவர்கள் ஒரு பக்கம் மட்டும் இல்லை. வீட்டை விட்டு ஓடிய பண்டிதர்களை, அந்தக் காஷ்மீர இந்துக்களைப் பற்றி இவர் என்ன எழுதினார்?

பிளஸ்ஒன் டீச்சர்:
எழுதியிருக்கிறார் சார். அதே 1997 தொகுப்பில் 'ஃபேர்வெல்' என்று ஒரு கவிதை, காஷ்மீர முஸ்லிம் ஒருவன் பிரிந்துபோன பண்டித நண்பனுக்கு எழுதும் காதல் கடிதம் மாதிரி. என் நினைவு உன் வரலாற்றுக்குக் குறுக்கே வந்து நிற்கிறது என்று அதில் திரும்பத் திரும்ப வரும். மன்னிக்க எதுவுமே இல்லை, நீ என்னை மன்னிக்கவும் மாட்டாய் என்று ஒரு இடம். அதை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

கோஷ் கட்டுரையில் இதைவிட நெருக்கமான ஒரு செய்தி இருக்கிறது. ஷாஹித் பெரிய சமையல்காரர். ரோகன் ஜோஷ் என்ற கறிக்குழம்பு கொதிக்கும் வாசனையை மூடியை எடுக்காமலே முகர்ந்து எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். அவருக்குப் பண்டிதர் வீட்டுச் சமையல் முறைதான் உயர்ந்தது, அதில் சின்ன மாறுதல்கூடச் செய்ய விடமாட்டார். பண்டிதர்கள் எல்லோரும் பள்ளத்தாக்கை விட்டுப் போய்விட்டார்கள், அவர்களுடைய உணவும் இல்லாமலே போய்விட்டது என்று அவருக்கு அடிக்கடி ஒரு கனவு வருமாம். அடுப்பங்கரையில் நின்று பயப்படுகிற பயம் அது. எனக்கு அது புரிகிறது. என் பாட்டியோடு போன பதார்த்தங்கள் எத்தனை!

அதே புத்தகத்தில் ரிஸ்வான் என்ற கொல்லப்பட்ட பையனும் வருகிறான். நள்ளிரவில் டெல்லியிலிருந்து காஷ்மீரைப் பார்க்கும் கவிதையில் அவன், நான் இறந்ததை என் அப்பாவிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொள்கிறான். ஒருவருக்காக அழுதால் இன்னொருவருக்காக அழக் கூடாது என்று ஷாஹிதுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வடக்குவாசல்:
இந்தக் கவிதையை நான் வாசித்ததில்லை. தேடிப் படிக்கிறேன் மேடம்.

கரிசல்மண்:
2023-ல் காஷ்மீர்ப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்தே இவர் கவிதைகளை எடுத்துவிட்டதாகச் செய்தி வந்ததே. அவர் படித்த பல்கலைக்கழகம். ஆங்கிலத்தில் எழுதினார் என்று நான் குறைபட்டுக்கொண்டேன், ஆனால் ஊரே அவரைப் படிக்கக் கூடாது என்றால் அது வேறு விஷயம். அதில் நான் உங்கள் பக்கம்.

மழைக்காகிதம்:
நன்றி அண்ணா.

அரசியலும் வீடும் அவரிடம் எப்படிக் கலக்கின்றன என்பதற்கு எனக்கு மிகவும் நெருக்கமானது 'லெனாக்ஸ் ஹில்'. அவர் அம்மாவுக்கு மூளைப் புற்றுநோய். நியூயார்க்கின் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும்போது தெருவில் ஆம்புலன்ஸ் சைரன் கேட்கிறது. அம்மா சொல்கிறார், மிஹிரகுலனின் யானைகள் கத்துவது போல இருக்கிறது என்று. பீர் பஞ்சால் மலையில் ஹூண அரசன் மிஹிரகுலன் யானைகளை உச்சியிலிருந்து தள்ளிவிட்டு அவை அலறுவதைக் கேட்டு மகிழ்ந்தான் என்று கல்ஹணர் காஷ்மீர வரலாற்று நூலான ராஜதரங்கிணியில் எழுதிய கதை. நியூயார்க் மருத்துவமனைக் கட்டிலில், சைரன் சத்தத்தில், காஷ்மீரத்துப் பழங்கதை ஒரு தாயின் வாயிலிருந்து வருகிறது! அதை அவர் கான்ஸோனே என்ற வடிவத்தில் எழுதினார். அறுபத்தைந்து வரி, எல்லா வரியும் ஐந்தே சொற்களில் மாறி மாறி முடிய வேண்டும், அந்த ஐந்தில் ஒன்று 'அம்மா', ஒன்று 'காஷ்மீர்', ஒன்று 'யானைகள்'. மூச்சு முட்டுகிற துக்கத்துக்கு ஏன் இவ்வளவு கட்டு என்று முதலில் தோன்றியது. பிறகு நம் ஊர் ஒப்பாரியை நினைத்துப் பார்த்தேன். அதிலும் ஒரே விளிச்சொல்லில்தானே திரும்பத் திரும்ப வந்து விழுகிறோம்?

1997-ல் அம்மா இறந்ததும் உடலைக் காஷ்மீருக்குக் கொண்டுபோனார்கள். மகனுக்கு அது வாய்க்கவில்லை. காஷ்மீரில், இலையுதிர் காலத்தில் நான் இறப்பேன் என்று ஒரு கவிதையைத் தொடங்கியவர், மாசசூசெட்ஸில் டிசம்பரில் இறந்து நார்த்தாம்ப்டனில் அடக்கமானார்.

சரி, பாய் சொன்னபடி முதல் ஈரடியைக் கேள்வியாக வைத்துப் பார்த்தேன்:

எங்கே இருக்கிறாய், யார் சிக்கினார் உன் வலையில் இன்றிரவு?
இன்னும் யாரை நிறுத்துவாய் பரவசத்தின் எல்லையில் இன்றிரவு?

வாணியம்பாடி உருது:
ரதீஃப் உட்கார்ந்துவிட்டது, மாஷா அல்லாஹ். காஃபியாவில் ஒரு சின்னக் குறை. 'வலையில்', 'எல்லையில்' இரண்டிலும் ல ஒன்றில் ஒற்றை, ஒன்றில் இரட்டை, காது தடுக்குகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழில் 'இல்' என்ற உருபு எல்லாவற்றோடும் ஒட்டும் என்பதால் 'வீட்டில்', 'காட்டில்', 'மழையில்' என்று எதை வேண்டுமானாலும் காஃபியா என்று சொல்லிவிடலாம். உருது உஸ்தாதுகள் அதைக் குற்றம் என்பார்கள், உருபைக் கழற்றிய பிறகும் சொல் ஒத்து ஒலிக்க வேண்டும். வலை, மலை, அலை, நிலை, விலை என்று போங்கள். ஷாஹிதே தன் 'அரபி' கஜலை முதலில் காஃபியா இல்லாமல் எழுதி வெளியிட்டு, பிறகு காஃபியாவோடு திரும்ப எழுதினார். நீங்களும் திருத்தலாம்.

பாளையங்கோட்டை வாசகன்:
இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். 'இன்றிரவு' கஜலின் கடைசி ஈரடியை எப்படிச் செய்திருக்கிறீர்கள் தம்பி? தன் பெயரைச் சொல்லி, நான் மட்டும் தப்பி வந்தேன் உனக்குச் சொல்ல என்று வருமே, அது பைபிளின் யோபு புத்தகத்து வாக்கியம். வேலைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிவந்து யோபுவிடம் கெட்ட செய்தி சொல்லும் இடம். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'நான் ஒருவன் மாத்திரம் தப்பி' என்று இருக்கிறது. சின்ன வயசில் கோயிலில் அதை உரக்க வாசித்தவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். நீங்கள் புதிதாக மொழிபெயர்க்க வேண்டாம், அந்த 'மாத்திரம்' என்ற சொல்லை அப்படியே எடுத்துப் போடுங்கள், வாசகனுக்கு மணி அடிக்கும்.

மழைக்காகிதம்:
ஐயா, இதுதான் நான் தேடிக்கொண்டிருந்தது. 'தனியே தப்பி வந்தேன்' என்று சப்பென்று வைத்திருந்தேன்.

அப்படியானால் அதே ஈரடியின் அடுத்த வரியில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. என்னை இஷ்மாயேல் என்று கூப்பிடு என்கிறார். அது மெல்வில்லின் 'மோபி டிக்' தொடங்கும் வாக்கியம், அங்கும் ஒருவன் மட்டும் தப்புகிறான். அதே பெயர் ஆபிரகாமின் மூத்த மகனுடையது. விவிலியத் தமிழில் 'இஸ்மவேல்', முஸ்லிம் வீடுகளில் 'இஸ்மாயில்'. முதல் வரியில் யோபுவின் தமிழைப் போட்டுவிட்டு அடுத்த வரியில் எதைப் போடுவது?

பாளையங்கோட்டை வாசகன்:
ஓசைக்கு 'இஸ்மவேல்'. முதல் வரியோடு ஒரே மொழியாகவும் இருக்கும்.

வாணியம்பாடி உருது:
எனக்கு 'இஸ்மாயில்'. சொல்கிறவர் பெயர் ஷாஹித். அந்தப் பெயருக்குப் பாரசீகத்தில் அன்புக்குரியவர், அரபியில் சாட்சி என்று அவரே 'அரபி' கஜலின் கடைசி ஈரடியில் பொருள் சொல்கிறார். அவர் தன்னை எப்படிக் கூப்பிடச் சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

மழைக்காகிதம்:
இரண்டையும் சத்தமாக நாலைந்து முறை படித்துப் பார்த்தேன். மேல் வரியில் 'மாத்திரம்', கீழ் வரியில் 'இஸ்மாயில்' என்று வைத்திருக்கிறேன், இரண்டு வேதமும் ஒரே ஈரடிக்குள் இருக்கட்டும். 'எல்லையில்' இன்னும் மாறவில்லை, 'நிலையில்' பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முழு வரைவையும் இங்கே போடுகிறேன். ஆர்எம்எஸ் ஐயா, அதற்குள் தபால் கவிதையையும் உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன், தொழில் சொல் தவறாக இருந்தால் தயங்காமல் அடித்துத் திருத்துங்கள்.

ஓய்வுபெற்ற ஆர்எம்எஸ்:
அனுப்புங்கள் தம்பி. முடிந்தால் காகிதத்தில் அனுப்புங்கள், முகவரி தனிச்செய்தியில் தருகிறேன்.